தம்

கியும்ரியில் மார்ச் மாதமும் குளிர்காலம்தான்.
கருங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
ஹீட்டரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு
நுவார்ட் ஒரு கல்யாணத்தைச் சுத்தம் செய்கிறாள்.

தட்டு உடைந்ததை, யாரோ இருமியதை,
வாசலில் லாரி பின்னோக்கி வந்ததை
ஒலிப்பதிவிலிருந்து எடுத்துவிடுவது
அவள் தொழில்.
பாட்டைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை.
பதிவுக்கு இவ்வளவு என்று காசு.

திரையில் இரண்டு பச்சைக் கோடுகள்.
முதல் தடம் துதுக், வாசிப்பது ஸாவென்:
ஆப்ரிகாட் மரத்துக்குள்ளிருந்து
யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு
பேசத் தொடங்குவது போல ஒரு குரல்.
இரண்டாம் தடமும் துதுக்தான்.
வாசித்தவர் பெயரை எழுதி அனுப்பவில்லை.
கோடு பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது.
ஒரே சுரம்.
பதினெட்டு நிமிடம்.

இரைச்சல் என்று நினைத்து அணைத்தாள்.

ஸாவெனின் பாட்டில் ஒரு சுரமும் பிசகவில்லை.
ஆனாலும்
இருட்டில் இறங்கும்போது
இன்னொரு படி உண்டென்று கால் வைத்தது மாதிரி
வயிற்றில் ஒரு சறுக்கல்.
அவ்வளவு அழகான குரலில் ஒருவன்
விலாசம் தொலைத்துவிட்டு
ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

போட்டாள். வீடு வந்தது.
அணைத்தாள். வீடு போனது.
போட்டாள்.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
ஸாவெனை அணைத்தாள்.

பாயை மட்டும் கேட்டாள்.
இவன் எங்கே மூச்சு வாங்குகிறான்?
கோட்டைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
துணியில் தையல் தேடுவது போலத் தேடினாள்.
தையலே இல்லை.
மூக்கால் வரவு வைத்து, கன்னத்தால் செலவழித்து,
கைமாற்று வாங்காமல்
மாதக் கடைசியைக் கடத்தும் குடும்பத்தைப் போல
ஓடிக்கொண்டிருந்தது அந்தச் சுரம்.

அங்கே அதற்குப் பெயர் தம்.
ஊதுகிறவர் தம் பிடிப்பவர்.
எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.
கிணற்றில் முங்கி நூறு எண்ணியவர்களுக்கு
இந்தச் சொல்லையா விளக்குவது?
ஆனால்
ஒருவனை ஒரே வார்த்தையில் கேவலப்படுத்த
'ஒத்து ஊதுகிறான்' என்று சொல்லவும்
நாம்தான் கற்றுவைத்திருக்கிறோம்.
நாகஸ்வரத்துக்குப் பின்னால் நின்றவர்களே,
இந்த இடத்தில் நான்
கொஞ்சம் தலைகுனிந்து கடக்கிறேன்.

பதினோராவது நிமிடத்தில் ஒரு நடுக்கம்.
அரை நொடி இருக்கும்.
பாயின் ஓரத்தை யாரோ மிதித்தாற்போல.

எண் வாங்கி அழைத்தாள்.
டயர் கடை. பின்னால் காற்றடிக்கும் மெஷின் சத்தம்.
"முஷெக் பேசுகிறேன்."
"பதினோராம் நிமிடம் நடுங்குகிறது. எடுத்துவிடட்டுமா?"

மெஷின் நின்றது.

"ஓ, அதுவா. அப்போதுதான்
பெண்ணின் சித்தப்பா உள்ளே வந்தான்.
நான்கு குளிர்கால டயருக்கு
இரண்டு வருஷமாகப் பாக்கி.
என்னைப் பார்த்ததும்
பூ ஜாடிக்குப் பின்னால் ஒளிந்தான்.
ஆறேகால் அடி ஆள், அம்மா!
ஜாடி இவ்வளவு உயரம்.
எனக்கோ கன்னம் நிறையக் காற்று.
சிரித்தால் ஸாவென் விழுந்துவிடுவான்."

விழுந்துவிடுவான் என்றுதான் சொன்னார்,
ஏணியைப் பிடித்திருப்பவர்
மேலே நிற்பவனைப் பற்றிச் சொல்வது போல.

"எடுத்துவிடு. தம் சுத்தமாக இருக்கணும்."
"சரி" என்றாள்.

எடுக்கவில்லை.
லாரியை எடுத்தாள், இருமலை எடுத்தாள்,
உடைந்த தட்டை எடுத்தாள்.
சிரிக்காமல் விட்ட அந்தச் சிரிப்பு
கல்யாணத்தின் அடியில் அப்படியே இருக்கிறது.
பெண் வீட்டாருக்குத் தெரியாது.

மணி ஏழு. கோப்பையில் ஆறிப்போன காபி.
உறிஞ்சுகுழலை அதற்குள் விட்டு
கன்னத்தை உப்பி ஊதினாள்,
குமிழி நிற்காமல் மூக்கால் இழுத்துப் பார்த்தாள்.

நான்கு நொடி.

பிறகு மூக்கெல்லாம் காபி,
விசைப்பலகையெல்லாம் காபி,
அறையில் தனியாக ஒருத்தி
இருமிக்கொண்டே சிரிக்கிற சத்தம்.
அதைச் சுத்தம் செய்ய
யாரும் பதிவு செய்திருக்கவில்லை.